உள்பக்கம் பார்ப்பவர்

எனக்குத் தையல் மிஷின் எண்ணெய் வாடை ஆகாது. கடைத்தெருவில் டெய்லர் கடை வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடுவேன். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போதும் யாரையும் அளவெடுக்க விடுவதில்லை. பழைய ஜாக்கெட் ஒன்றை நீட்டி, "இதே அளவுக்குத் தச்சுருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். இதற்கெல்லாம் காரணமான மனிதர் வில்லாபுரத்தில் எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தார். அவர் டெய்லர் இல்லை. ஒரு மில்லில் ஸ்டோர் கீப்பர். தைப்பது வீட்டில்தான், வீட்டில் இருப்பவர்களுக்குத்தான். அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய் வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் அந்த வாடை வரும்போதெல்லாம் அவரும் கூடவே வந்துவிடுகிறார்.

மாமா என்றுதான் கூப்பிடுவேன். தெருப் பழக்கம் அப்படி. ஒல்லியான ஆள், எந்நேரமும் வெள்ளைச் சட்டை. மில்லில் இருந்து வந்ததும் கால் கழுவுகிறாரோ இல்லையோ, மஞ்சள் நிற இஞ்ச் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார். அதோடுதான் பால் வாங்கப் போவார். அதோடுதான் கோயிலுக்கும் போவார். பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்தபோது ஒரு கையில் மாலையும் கழுத்தில் டேப்புமாக வந்து நின்றார். வலது கைச் சுண்டுவிரலில் நகம் வளர்த்திருந்தார். துணியில் மடிப்புக் கீற அதுதான் வசதி என்பார். அதே நகத்தால் பல்லும் குத்துவார். நூலைக் கத்தரியால் வெட்டவே மாட்டார். பல்லால் கடித்து, நுனியை நாக்கில் வைத்து உருட்டி, சுவர்ப் பக்கமாகத் துப்புவார். மிஷின் இருந்த மூலையில் சுவரின் அடிப்பக்கம் முழுக்க அந்த நூல் நுனிகள் எச்சிலோடு ஒட்டிக் காய்ந்துபோயிருக்கும். அவர் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், வாரம் ஒருமுறை கத்தியால் அதைச் சுரண்டிக்கொண்டிருப்பார்.

அவருடைய பெரிய பழக்கம் ஒன்று உண்டு. எந்தத் துணியைப் பார்த்தாலும் அதன் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். "வெளிப்பக்கத்த யாரு வேணாலும் அழகாக் காட்டிப்புடலாம். உள்பக்கத்தப் பாத்தாத்தேன் வண்டவாளம் தெரியும்" என்பார். என் அப்பாவிடம் பேசிக்கொண்டே அவர் சட்டை ஓரத்தைத் தூக்கித் திருப்பிப் பார்ப்பார். அக்கா கல்யாணத்தில் மண்டபத்துக்கு வந்தவர், மேடையில் மணப்பெண்ணாக நின்றவளின் ஜாக்கெட் கை ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். அக்கா கூசிப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள். அவரோ எதுவும் நடக்காதது மாதிரி, "லைனிங் துணி மட்டமா வச்சிருக்கான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

அதைவிட மோசம், மொட்டை மாடியில் நடந்தது. எங்கள் வீட்டு மாடிக் கொடியில் காயும் துணிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியில் ஏதோ பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு மேலே ஏறுவார். இறங்கி வரும்போது, "தங்கச்சி, அந்தப் பச்சை நைட்டில சைடு தையல் விட்ருக்கு பாத்துக்க" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா சிரித்துக்கொண்டே, "சரிண்ணே" என்பாள். எனக்கு உடம்பெல்லாம் அரிக்கிற மாதிரி இருக்கும். அதனால் என் துணிகளை என் அறை ஜன்னல் கம்பியில் காயப் போட்டேன். வெயில் படாமல் அவை மக்கிய வாடை அடித்தன. அதுவே தேவலாம் என்று இருந்தேன்.

தெருவில் அவருக்கு நல்ல பெயர். "எம்புட்டு பொறுப்பான மனுசன் பாருங்க. குடியா, சீட்டா, ஒண்ணு கிடையாது. பொம்பளப் பிள்ளைக்கு அவரே உக்காந்து தைக்கிறாரு" என்று என் அம்மாவே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளைதான் செல்வி. ஒரே மகள், என் வயது, என் கல்லூரி. அவளுக்குப் பள்ளிக்கூட யூனிபாரம் தவிர வெளியில் தைத்த துணி எதுவும் வாங்கியதில்லை. "கண்டவன் டேப்பு எம் பிள்ளை மேல படக்கூடாது. கடையில தொங்குறத கண்டவளும் போட்டுப் பாத்திருப்பா" என்பார். சிமெண்ட் நிறத்தில் ஒரு துணி உண்டு. சாயம் போகாது, சுருக்கம் விழாது என்று மொத்தமாக வாங்கிப் பரண்மேல் போட்டிருந்தார். செல்வியின் சுடிதார், அத்தையின் ஜாக்கெட், கைப்பை, கைக்குட்டை, குடை உறை, போன் உறை, டிவி ரிமோட்டுக்கு ஒரு சட்டை, எல்லாம் அந்தத் துணிதான். கைப்பைக்குள் ஓர் அறைகூட இருக்காது. சுடிதாருக்குப் பாக்கெட் கிடையாது. ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். "பாக்கெட் எதுக்கு பாப்பா? ஒளிச்சு வைக்கிறதுக்கா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இத்தனைக்கும் அந்த மிஷின் அவருடையதே இல்லை. அத்தைக்குச் சீதனமாக வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் முறையாகத் தையல் படித்து, செல்லூரில் தன் தெருப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவர் அத்தை. கல்யாணமான புதிதில் அவரிடம்தான் மாமா தைக்கக் கற்றுக்கொண்டார். கற்று முடித்ததும் அத்தையை மிஷினில் இருந்து எழுப்பிவிட்டார். "நீ மிதிச்சா பெல்ட்டு தேயிது" என்றாராம். அதன் பிறகு காஜா எடுப்பதும் ஹூக் கட்டுவதும் மட்டும் அத்தை வேலை. தரையில் உட்கார்ந்து செய்வார். மாமா போட்ட தையல் கோணலாக ஓடினால் அத்தையின் கண் ஒரு நொடி அங்கே நிற்கும். பிறகு தன் ஊசிக்குத் திரும்பிவிடும்.

மாதத்தின் முதல் ஞாயிறு அளவு நாள். துணி தைக்கிறாரோ இல்லையோ, அளவு எடுத்தாக வேண்டும். நீள நோட்டு ஒன்றில் மாதவாரியாகக் கட்டம் போட்டு வைத்திருந்தார், மில் ஸ்டோரில் சரக்கு இருப்பு எழுதுகிற மாதிரி. திரைக்கு அந்தப் பக்கம் அத்தை அளந்து எண்ணைச் சொல்வார். இந்தப் பக்கம் மாமா நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாகத் திருப்பிச் சொல்லி எழுதுவார். வாசல் கதவு திறந்தே இருக்கும். கல்லூரியில் சேர்ந்த வருஷம், நோட்ஸ் வாங்கப் போன நான் ஒருநாள் அதில் மாட்டிக்கொண்டேன்.

"இடுப்பு முப்பது" என்றார் அத்தை.

"போன மாசம் இருபத்தொம்பதுல்ல? ஒரு இஞ்ச் எங்கிட்டு இருந்து வந்துச்சு? ஹாஸ்டல் பிள்ளைக கூட கேண்டீன்ல திங்கிறாளா?"

வாசலில் காய்கறிக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"வாயக் கட்டச் சொல்லு அவள" என்று சொல்லிவிட்டு எழுதினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். தலையில் இருந்து கால்வரை ஒரே பார்வை. "உனக்கு அளவே எடுக்க வேணாம் பாப்பா. எனக்குப் பாத்தாலே தெரியும்" என்று என் தோள், கை, இடுப்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சரியாக இருந்தது. நான் நோட்ஸ் வாங்காமலே வீட்டுக்கு வந்து குளித்தேன். அந்தத் தீபாவளிக்கு அம்மா என் துணியை அவரிடம் கொடுத்து, அது சுடிதாராகி வந்தது. ஒரு நாள்கூடப் போடவில்லை. வெட்டி அடுப்படித் துணியாக்கினேன். அம்மா திட்டினாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் கல்லூரி பசுமலைப் பக்கம். பெரியார் பஸ் ஸ்டாண்டு போய் வேறு பஸ் மாற வேண்டும். செல்வி அந்தச் சிமெண்ட் நிறச் சுடிதாரில் வகுப்புக்குள் நுழைந்த முதல் வாரமே அவளுக்குத் தலையணை உறை என்று பெயர் வைத்துவிட்டார்கள். உடம்புக்கும் துணிக்கும் சம்பந்தமே இருக்காது. பக்கத்துக்கு நான்கு விரல் தொங்கும். ஒருநாள் கல்லூரிப் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். என் பையில் ஊசி நூல் இருந்தது. "கழட்டி மேல போடுடி" என்றேன். கதவுக்கு மேலே சுடிதாரைத் தூக்கிப் போட்டாள். நான் வெளியே வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கமும் இரண்டு இஞ்ச் உள்ளே பிடித்து ஓட்டுத் தையல் போட்டுக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு வெளியே வந்தவள், குழாய்க்கு மேலே இருந்த கண்ணாடியில் தன்னை முன்னும் பின்னுமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் மணி அடித்தும் நகரவில்லை.

அன்றிலிருந்து தினமும் அதுதான். காலையில் பிடிப்பேன், சாயங்காலம் பிரிப்பேன். முடிச்சுப் போடாமல் தைத்தால் ஒரே இழுப்பில் நூல் வந்துவிடும். அவள் அப்பா மிஷினில் இருந்த சாம்பல் நிற நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு வந்து தருவாள். ஏறக்குறைய மூன்று வருஷம் ஓட்டினோம். ஒரு நாள்கூட மாட்டவில்லை. அந்த மனிதரை ஏமாற்றுகிறோம் என்பதில் எனக்கு அப்படி ஒரு ஆனந்தம்.

கடைசி வருஷம் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று ஆள் எடுக்கக் கல்லூரிக்கு வந்தது. செல்விக்கு அந்த வேலை வேண்டும். சம்பளத்துக்காக அல்ல. ஹாஸ்டல் தருகிறார்கள் என்பதற்காக. அந்த வீட்டை விட்டு வெளியேற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது. "இது கிடைக்கலைன்னா அடுத்து கல்யாணந்தேன். மாப்ள வீட்டுக்கும் அந்த நோட்டத் தூக்கிக்கிட்டு வருவாருடி" என்றாள். நான்கு சுற்று இன்டர்வியூ. மேடையில் எழுந்து பேச வேண்டும், உட்கார வேண்டும், குனிய வேண்டும். ஓட்டுத் தையல் நடுவில் விட்டுவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். அன்றைக்கு மட்டும் நெருக்கமாகத் தைத்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டேன். சாம்பல் நூல் தீர்ந்துபோயிருந்ததால் என் வெள்ளை நூலில் போட்டேன். வேலை கிடைத்துவிட்டது. மைதானத்தில் நின்று இருவரும் அழுதோம், சிரித்தோம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினோம். அவசரத்தில் பிளேடால் பிரித்தபோது, அக்குள் பக்கத்து முடிச்சு ஒன்று அப்படியே உள்ளே நின்றுவிட்டது.

துணிகளை இஸ்திரி போடுவதும் அவர்தான். உள்பக்கத்தைத் திருப்பித்தான் போடுவார்.

ஞாயிறு காலை எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் மடித்த சுடிதார். உட்கார்ந்தார். அம்மா காபி கொடுத்தாள்.

"பாப்பா, உங்க வீட்டு நூல் டப்பாவ எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன். வெள்ளை நூல்கண்டை எடுத்து முடிச்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது எம் முடிச்சு இல்ல. எம் பொண்டாட்டி முடிச்சும் இல்ல, அவ மூணு சுத்துப் போடுவா. இது ரெண்டு சுத்து. யாரு போட்டது?"

"என்னண்ணே, ஒரு நூலுக்கா இம்புட்டு?" என்றாள் அம்மா.

"நூலு கணக்கில்லம்மா. ரெண்டு இஞ்ச். ஊசி போன தடம் அப்படியே நிக்கிது. இத யாரு பாக்கணும்னு இப்படிப் பிடிச்சாக?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் தைத்தேன், அதில் என்ன தப்பு என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "எனக்குத் தெரியாது மாமா" என்று சொன்னேன்.

"தெரியாதுல்ல. சரி."

காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார். பிறகு சுடிதாரின் அக்குள் பக்கத்தை வாயருகே கொண்டுபோய், அந்த முடிச்சைப் பல்லால் கடித்து எடுத்து, எங்கள் வீட்டுத் தரையில் துப்பிவிட்டுப் போனார். எனக்கு அருவருப்பாக இருந்தது. அவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்று கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

செல்வியை அவர் அடிக்கவில்லை. தெருவில் இதையும் பெருமையாகத்தான் பேசினார்கள். கல்லூரிக்குப் போக வேண்டாம் என்றார். பரீட்சைக்கு மட்டும் அவரே வண்டியில் கூட்டிப்போய், முடியும்வரை வாசலில் உட்கார்ந்திருந்து கூட்டிவந்தார். அவள் போனை அதே சிமெண்ட் நிற உறையில் போட்டு, உறையின் வாயை மிஷினில் வைத்துத் தைத்து, சுவர் ஆணியில் மாட்டிவிட்டார். அதற்குள்ளேயே அது அடித்தது. கம்பெனியில் இருந்து கூப்பிட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், எடுக்கத்தான் முடியாது. இரண்டு நாளில் சார்ஜ் இறங்கி ஓய்ந்தது. கல்லூரியில் என்னை அழைத்து, வேலையில் சேரும் தேதியைச் சொல்லி, அவளிடம் சொல்லிவிடச் சொன்னார்கள். நான் குப்பை கொட்டுகிற சாக்கில் அத்தையிடம் சொன்னேன். அத்தை குப்பையைக் கொட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். மறுநாள் அத்தையே என்னைத் தேடி வந்தார்.

"பாப்பா, விளக்குத்தூண் பக்கம் போனியன்னா எனக்கு அஞ்சு மீட்டர் துணி வாங்கிட்டு வாரியா? பூப்போட்டதா இருக்கட்டும். என்ன கலர்னாலும் சரி, அந்தச் சிமெண்ட் கலர் மட்டும் வேணாம்."

அரக்கு நிறத்தில் மஞ்சள் பூ வாங்கிக் கொடுத்தேன். மாமா மில்லுக்குப் போன பிறகு, பட்டப்பகலில், கதவைத் திறந்துவைத்துக்கொண்டே அத்தை மிஷினில் உட்கார்ந்தார். இருபது வருஷத்துக்கு மேல் தொடாத மிஷின். முதல் இரண்டு வரி மட்டும் தடுமாறினார். பிறகு மிஷின் ஓடிய ஓட்டத்தை நான் அந்த வீட்டில் அதற்கு முன் கேட்டதில்லை. "எம்புட்டு பிடிக்க?" என்று செல்வியைப் பார்த்துக் கேட்டார். அவளிடம் யாரும் அதைக் கேட்டதே இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாக்கெட் வைம்மா. ரெண்டு பக்கமும்" என்றாள்.

இரண்டு செட் ஆனது. போன் உறையை அத்தையே பிளேடால் கீறித் திறந்தார். செல்வியைக் கூட்டிக்கொண்டு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு போய், கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, திரும்பி வந்து இரவுக்கு உப்புமா கிண்டினார். நான் அதற்கு மேல் நடந்ததைப் பார்க்கவில்லை. அத்தை சொல்லித்தான் தெரியும். மாமா வந்தார், டேப்பை எடுத்து மாட்டினார், மிஷினைப் பார்த்தார். ஊசியில் அரக்கு நிற நூல் கோர்த்திருந்தது.

"மிஷின்ல யாரு உக்காந்தது?" என்றாராம்.

"நான்தேன்."

மகள் எங்கே என்று கேட்பார் என அத்தை காத்திருந்தார். அவர் பெல்ட்டைத் தடவிப் பார்த்தார், எண்ணெய் விட்டார், அரக்கு நூலை உருவிக் குப்பையில் போட்டுவிட்டுச் சாம்பல் நூலைக் கோர்த்தார். சாப்பிட்டுப் படுத்துவிட்டார். அதற்கப்புறம் ஒரு மாதம் மகள் பெயரையே எடுக்கவில்லையாம்.

அந்த ஒரு மாதமும் அவர் தைத்துக்கொண்டுதான் இருந்தார். செல்வி விட்டுப்போன சுடிதார்கள், துப்பட்டாக்கள், கைப்பை எல்லாவற்றையும் பட்டை பட்டையாகக் கிழித்து, அடுக்கி, மிதியடியாகத் தைத்தார். வீட்டுக்கு ஒன்று என்று தெரு முழுக்கக் கொண்டுவந்து கொடுத்தார். "வீணாப் போகக் கூடாதுல்ல" என்றார். என்ன துணி என்று எல்லோருக்கும் தெரியும். பத்து வருஷமாக அந்தப் பிள்ளை மேல் பார்த்த நிறம். ஒரு வீட்டிலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "நல்ல கெட்டியா இருக்கு" என்று வாங்கி வாசலில் போட்டார்கள். எங்கள் அம்மாவும் போட்டாள். நான் தினமும் அதைத் தாண்டிக் குதித்துப் போனேன். ஈரக் காலோடு வழுக்கியும் விழுந்தேன். அதன்மேல் கால் வைக்க மட்டும் முடியவில்லை. செல்வியை மிதிப்பதாகவே இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் செல்வி வீடியோவில் கூப்பிட்டாள். அரக்குச் சுடிதார் போட்டு, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றாள். பேசிக்கொண்டே நான் வாசலுக்கு வந்தது தப்பாகிவிட்டது.

"கீழ காட்டுடி. அது என்னடி மிதியடி? எஞ் சுடிதார் தானே?"

தெரு முழுக்கக் கொடுத்திருக்கிறார் என்று மெல்லச் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். பக்கத்தில் இருந்த ஹாஸ்டல் தோழிகள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"நல்லா மிதிடி. இம்புட்டு வருசம் நான் அதுக்குள்ள கிடந்தேன்ல, ஒருத்தரு விடாம மிதிக்கட்டும். எனக்காக நீ ஒரு தடவ மிதி, நான் பாக்குறேன்."

போனைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் அதில் அழுத்தித் தேய்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பால் தூக்கோடு மாமா இறங்கி வந்தார். நான் மிதியடியில் கால் தேய்ப்பதைப் பார்த்து அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"நல்லாத் தேய்யி பாப்பா. டபுள் தையல் போட்ருக்கேன். லேசுல பிரியாது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். போனைத் தூக்கிப் பார்த்தேன். அந்தக் குரல் அவளுக்கும் கேட்டிருந்தது. பாக்கெட்டில் இருந்த கை வெளியே வந்திருந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் அவளுடைய இரண்டு கைகளும் இடுப்புப் பக்கத் துணியைப் பிடித்து வெளியே இழுத்து, இழுத்து, லூசாக்கிக்கொண்டிருந்தன.